பாலசுந்தரத்தின் வக்கீல்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)

 

"நீங்கள் தொழிலாளர் வழக்குகளைப் பார்க்கிற வக்கீல். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பயன்படுகிற மாதிரி நாலு வார்த்தை பேசுங்கள்" என்று தலைமையாசிரியர் அழைத்தார். வக்கீல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? கறுப்புக் கோட்டு. சினிமாவில் மேசையைத் தட்டிக்கொண்டு உரக்கப் பேசும் கதாநாயகன். இன்றைக்கு நான் சொல்லப் போகிற வக்கீலோ, தம் முதல் வழக்கில் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டவர்! பின்னாளில் கடல் கடந்து போன தமிழ்க் கூலிக்காரர்களுக்காக வாதாடியவர். அவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். அவர்கள் நோயில் விழுந்தபோது மருந்து எடுத்துக் கொடுத்தவர்.

அவர் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. அவரை நாம் மகாத்மா என்று சொல்லிப் படம் மாட்டி, மாலை போட்டு, ஊதுவத்தி கொளுத்திவிட்டோம். அதனால் அவர் ஒரு தொழில் செய்தவர் என்பதே மறந்துபோய்விட்டது. இன்றைக்கு அந்த மாலையைக் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு, அவரை ஒரு தொழிலாளர் வக்கீலாக மட்டும் பார்ப்போம்.

காந்தி 1869இல் பிறந்தார். லண்டனில் சட்டம் படித்து 1891 ஜூன் மாதம் பாரிஸ்டர் ஆனார். பம்பாய்க்குத் திரும்பி, சிறு வழக்கு மன்றத்தில் முதல் வழக்குக்கு எழுந்து நின்றார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். தலை சுற்றியது, ஒரு கேள்விகூட வரவில்லை. வழக்கை வேறு வக்கீலிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். சரி, வாத்தியார் வேலையாவது பார்ப்போம் என்று ஒரு பள்ளிக்கூடத்துக்கு மனுப்போட்டார். தினம் ஒரு மணி நேரம் ஆங்கிலம் கற்பிக்க வேண்டும், மாதம் 75 ரூபாய். "பட்டதாரி இல்லை" என்று அதையும் மறுத்துவிட்டார்கள்! இன்று பரிசு கிடைக்காமல் முகம் வாடி உட்கார்ந்திருக்கும் தம்பி, தங்கைகளே, இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் 1893இல் தென்னாப்பிரிக்காவில் இருந்த தாதா அப்துல்லா என்ற வியாபாரியின் வழக்குக்காக, ஒரு வருட ஒப்பந்தத்தில் கப்பலேறினார். அங்கே அவருக்கு முன்பே நம்மவர்கள் போயிருந்தார்கள். 1860 நவம்பரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் மெட்ராசிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பன் துறைமுகத்தில் இறக்கியது. கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருட ஒப்பந்தம். பிறகு நிலக்கரிச் சுரங்கம், ரயில் பாதை என்று பரவினார்கள். நம் பாட்டன் பூட்டன் பினாங்கில் வந்து இறங்கிய அதே வழி, அதே தகரப்பெட்டி, அதே கைநாட்டு. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறையில் ஆள் கட்டி வருவது அதற்குப் பிறகும் நடந்தது. ஆகையால் நான் சொல்லப் போவது ஏதோ தூர தேசத்துக் கதை என்று நினைக்காதீர்கள்.

1894ஆம் வருடம். காந்தி டர்பனில் வக்கீல் தொழில் ஆரம்பித்து மூன்று நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு நாள் கிழிந்த துணியோடு ஒரு தமிழர் நடுங்கிக்கொண்டே உள்ளே வந்தார். முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயெல்லாம் ரத்தம். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். வெள்ளைக்காரர் முன்னால் ஒப்பந்தக் கூலி தலைப்பாகையைக் கழற்றிவிட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். காந்தி முதலில் செய்த காரியம், அதைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னதுதான். வந்தவர் பெயர் பாலசுந்தரம். அவருடைய முதலாளி கோபத்தில் அடித்த அடி அது.

இனி அந்த வக்கீல் என்ன செய்தார் என்பதைப் படிப்படியாகப் பாருங்கள். முதலில் பாலசுந்தரத்தை ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். அந்தச் சான்றிதழோடு உடனே மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போய், சத்தியப் பிரமாணத்தோடு வாக்குமூலம் கொடுக்க வைத்தார். மாஜிஸ்திரேட் முதலாளிக்குச் சம்மன் அனுப்பினார். ஆவேசப் பேச்சு ஒன்றுமில்லை. காயம் ஆறுவதற்குள் காகிதம் தயார்! தொழிலாளர் வழக்கில் பாதி வேலை இதுதான்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. சாதாரண வேலைக்காரன் சொல்லாமல் வேலையை விட்டுப் போனால், முதலாளி அவன்மேல் சிவில் வழக்குப் போடலாம்; அவ்வளவுதான். ஒப்பந்தக் கூலி விட்டுப் போனால் அது கிரிமினல் குற்றம், ஜெயில்! அடித்தவன் வீட்டிலேயே திரும்பப் போய் வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சிறைக்குப் போக வேண்டும். விடுபட இரண்டே வழிதான். ஒன்று, ஒப்பந்தக் கூலிகளுக்கான பாதுகாவல் அதிகாரி ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டும் அல்லது வேறொருவருக்கு மாற்றித் தர வேண்டும். இன்னொன்று, முதலாளியே மனம் வைத்து விடுவிக்க வேண்டும்.

காந்தி அந்த முதலாளியை நேரில் போய்ப் பார்த்தார். "உங்களுக்குத் தண்டனை வாங்கித் தருவது என் நோக்கமல்ல, இந்த ஆளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டால் போதும்" என்ற கருத்தில் பேசினார். முதலாளி ஒப்புக்கொண்டார். பாதுகாவல் அதிகாரியும் சம்மதித்தார். ஆனால், "புது முதலாளியை நீர்தான் தேட வேண்டும்" என்று நிபந்தனை வைத்தார். இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. அலைந்து திரிந்து, நல்ல வெள்ளைக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்தார். மாஜிஸ்திரேட் பழைய முதலாளியைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து, மாற்றித் தரச் சம்மதித்ததையும் பதிவு செய்தார். வழக்கு முடிந்தது.

இந்தச் செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. "நமக்கென்று பேச ஒரு ஆள் இருக்கிறார்" என்று கூலிக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் காந்தி நேட்டால் இந்தியக் காங்கிரசை அமைத்திருந்தார். அதில் உறுப்பினராக வருடத்துக்கு 3 பவுன் சந்தா. வியாபாரிகளுக்கும் குமாஸ்தாக்களுக்கும்தான் அது கட்டும். சங்கத்தில் சேர வழியில்லாத ஏழைகளிடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர், பல் உடைந்து வந்த அந்தப் பாலசுந்தரம்தான்.

சரி, ஒரு கேள்வி கேட்கிறேன். பாலசுந்தரத்துக்கு ஆங்கிலம் தெரியாது. காந்திக்கு அப்போது தமிழ் தெரியாது. பின்னே, நடந்ததை வக்கீலிடம் யார் சொன்னது? காந்தியின் அலுவலகத்தில் ஒரு தமிழ்க் குமாஸ்தா இருந்தார். பாலசுந்தரத்தின் கதையை அவர் மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன் என்று காந்தியே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்தக் குமாஸ்தாவைக் கொஞ்சம் ஞாபகம் வைத்திருங்கள். கடைசியில் அவரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

இப்போது அந்த வக்கீலின் இன்னொரு முகம். பிரிட்டோரியாவில் இருந்தபோதே, ஆங்கிலம் தெரியாத நம்மவர்களுக்கு நானே வந்து சொல்லித் தருகிறேன் என்றார். மூன்று பேர் சேர்ந்தார்கள்: ஒரு நாவிதர், ஒரு குமாஸ்தா, ஒரு சின்னக் கடைக்காரர். அவர்கள் வகுப்புக்கு வரவில்லை. வாத்தியார்தான் அவர்கள் கடைக்கும் வீட்டுக்கும் போனார்! சில நேரம் அவர்கள் வேலையில் இருப்பார்கள், இவர் காத்திருப்பார். எட்டு மாதத்தில் இரண்டு பேர் கணக்கெழுதவும் கடிதம் எழுதவும் கற்றுக்கொண்டார்கள். நாவிதருக்கு வாடிக்கைக்காரர்களிடம் பேசுகிற அளவு வந்தது; அவருக்கு அது போதும்.

1910இல் ஜோஹானஸ்பர்க் அருகே, ஹெர்மன் கல்லன்பாக் என்ற நண்பர் கொடுத்த 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. சத்தியாக்கிரகத்தில் சிறை போனவர்களின் குடும்பங்கள் அங்கே தங்கின. தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் கற்பித்த வாத்தியார் யார் தெரியுமா? குஜராத்தியான காந்திதான்! கப்பல் பயணத்திலும் சிறையிலும் புத்தகம் வைத்துத் தாமே படித்த அரைகுறைத் தமிழ் அது. எழுத்தும் கொஞ்சம் இலக்கணமும் சொல்லிக் கொடுத்தார். பேச்சில் பிள்ளைகள் அவரைத் தோற்கடித்துவிடுவார்கள். அது அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆங்கிலம் தெரியாத தமிழர்கள் அவரைப் பார்க்க வந்தால், அந்தப் பிள்ளைகள்தான் மொழிபெயர்ப்பாளர்கள். தமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் அவர் ஒருநாளும் காட்டிக்கொள்ளவில்லை. ஆசிரியர் செய்யாத வேலையைப் பிள்ளைகளிடம் வாங்கக் கூடாது என்பது அந்தப் பண்ணையின் ஒழுங்கு. குழி வெட்டுவதானாலும் சரி, கூட்டிப் பெருக்குவதானாலும் சரி.

மூன்றாவது, தொண்டு. டர்பனில் பார்சி ருஸ்தம்ஜியின் நன்கொடையில், டாக்டர் பூத் என்பவர் மேற்பார்வையில் ஒரு சிறு தரும ஆஸ்பத்திரி நடந்தது. தொழில் நன்றாக நடந்துகொண்டிருந்த காலத்திலேயே காந்தி தினமும் காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி அங்கே போனார். நோயாளிக்கு என்ன செய்கிறது என்று கேட்டு டாக்டரிடம் சொல்வது, எழுதிக் கொடுத்த மருந்தைக் கலந்து தருவது, இதுதான் வேலை. வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ், தெலுங்கு, வட இந்தியக் கூலிக்காரர்கள். 1904இல் ஜோஹானஸ்பர்க்கில் பிளேக் வந்தபோது, காலி வீடு ஒன்றின் பூட்டை உடைத்து நோயாளிகளைக் கிடத்தினார்கள். முதல் நாளில் 23 பேர்! காந்தியும், ஓர் இந்திய டாக்டரும், அலுவலகத்து இளைஞர்களும் இராப்பகலாகப் பணிவிடை செய்தார்கள்.

"அவருக்கு நேரம் எப்படிக் கிடைத்தது? இத்தனையும் தனித்தனி வேலையாச்சே?" என்று நீங்கள் கேட்கலாம். தனித்தனி வேலை என்று நான் நினைக்கவில்லை. கோர்ட்டில் நிற்கிறவனுக்கு முதலில் தெரிய வேண்டியது, எதிரே இருக்கிற ஏழை சொல்ல வந்ததைச் சொல்லாமல் விழுங்குகிறான் என்பது. அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அது தெரியாது. ஆஸ்பத்திரியில் புண்ணைக் கழுவுகிறவனுக்குத் தெரியும். நாவிதர் கடையில் பலகைமேல் உட்கார்ந்து பாடம் சொன்னவனுக்குத் தெரியும். வழக்கு நடத்தும் திறமையை அவர் சட்டப் புத்தகத்திலிருந்து பாதிதான் எடுத்தார். மீதிப் பாதி அங்கிருந்து வந்தது.

இதன் பலன் என்ன? ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத கூலிக்காரர்கள் வருடத்துக்குத் தலைக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்று 1895இல் நேட்டாலில் சட்டம் வந்தது. மனைவிக்கும், 16 வயது ஆன மகனுக்கும், 13 வயது ஆன மகளுக்கும் அதே வரி. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு 12 பவுன். குடும்பத் தலைவனின் மாத வருமானமோ 14 ஷில்லிங்குக்கு மேல் போனதில்லை என்று காந்தி எழுதுகிறார். பிள்ளைகளே, கணக்குப் போடுங்கள்: ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். 12 பவுன் என்றால் 240 ஷில்லிங். பதினேழு மாதச் சம்பளம், ஒரு வருட வரிக்கு! இதை எதிர்த்து 1913இல் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்களைத் தட்டி எழுப்பியவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். நவம்பர் 6ஆம் தேதி 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் காந்தியோடு எல்லை தாண்டி நடந்தார்கள். சிறை போய் நோயோடு வெளிவந்த தில்லையாடி வள்ளியம்மை, 1914 பிப்ரவரி 22ஆம் தேதி, பதினாறு வயதில் உயிர் நீத்தாள். அந்த வருடமே அந்த வரி ஒழிந்தது.

இந்தியா திரும்பிய பிறகும் இந்தத் தொழிலாளர் வக்கீல் ஓய்ந்துவிடவில்லை. 1918இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்கள் 50 விழுக்காடு சம்பள உயர்வு கேட்டார்கள்; முதலாளிகள் 20தான் என்றார்கள். காந்தி இரு பக்கக் கணக்கையும் பார்த்து, 35தான் நியாயம் என்றார். வேலை நிறுத்தத்துக்குப் பின் விஷயம் நடுவரிடம் போயிற்று. தீர்ப்பு 35! அந்தப் போராட்டத்தில் தொழிலாளர் பக்கம் நின்றவர் அனசுயா சாராபாய். அவர் ஆலை முதலாளி ஒருவரின் உடன்பிறந்த அக்கா. தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தி வந்தவர். அங்கேயும் பார்த்தீர்களா? பள்ளிக்கூடமும் சம்பள வழக்கும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன.

இனி நம் ஊருக்கு வருவோம். இந்தப் புஜாங் பள்ளத்தாக்கைப் பற்றிப் பேசினால், கடாரம், இராஜேந்திர சோழன் என்று நாம் மார்தட்டுகிறோம். பெருமைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கப்பற்படையோடு வந்தவனுக்கு வக்கீல் தேவைப்படவில்லை. தகரப்பெட்டியோடு வந்தவனுக்குத்தான் தேவைப்பட்டது. அவனுக்கு இன்று சட்டம் இருக்கிறது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று, பி. பி. நாராயணன் அதை நடத்தினார். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டம் இரண்டும் நமக்குக் கவசம். வேலையை விட்டதற்காக யாரையும் இன்று ஜெயிலில் போட முடியாது. சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் வந்தாக வேண்டும். சம்பளப் பாக்கி என்றால் தொழிலாளர் இலாகாவில் வக்கீல் இல்லாமலே புகார் செய்யலாம்.

காரணமில்லாமல் வேலையிலிருந்து நீக்கினால்? தொழிலியல் உறவு இலாகாவில் மனுக் கொடுக்கலாம். எத்தனை நாளுக்குள்? அறுபது நாள்! இந்த 60 என்ற எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். என்னிடம் வருகிறவர்களில் எத்தனையோ பேர் மூன்றாம் மாதம், நாலாம் மாதம் வருகிறார்கள். "மேனேஜர் திரும்பக் கூப்பிடுவாருன்னு இருந்தேன் சார்", "நமக்கு ஏன் வம்புன்னு விட்டுட்டேன் சார்" என்கிறார்கள். வேலை போனதைச் சொல்லும் கடிதம் பெட்டிக்குள் மடித்தபடி இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படித்துச் சொல்லவில்லை. நாள் கடந்த பிறகு அந்தப் பிரிவின்கீழ் எந்தக் கெட்டிக்கார வக்கீலாலும் கதவைத் திறக்க முடியாது. காலத்தோடு மனுப் போட்டாலும், முதலில் நடக்கும் சமரசப் பேச்சில் வக்கீலுக்கு இடம் கிடையாது. நடந்ததைத் தொழிலாளிதான் கோர்வையாகச் சொல்ல வேண்டும். தேதி தெரிய வேண்டும், காகிதம் கையில் இருக்க வேண்டும்.

ஆகவே பெற்றோர்களே, சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு, வேலைக் கடிதம், டாக்டர் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "நாளைக்குப் படித்துவிட்டுத் தருகிறேன்" என்று சொல்வது எதிர்த்துப் பேசுவது ஆகாது. வழி தெரியாவிட்டால் சங்கத்தைக் கேளுங்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் இருக்கின்றன.

மாணவச் செல்வங்களே, இப்போது அந்தத் தமிழ்க் குமாஸ்தாவுக்கு வருவோம். உங்களில் ஒருவர் பெரிய வக்கீலாக வரலாம். வர வேண்டும் என்று வாழ்த்துகிறேன். எல்லாரும் வக்கீலாக முடியாது, அது தேவையுமில்லை. ஆனால் அந்தக் குமாஸ்தா செய்த வேலையை இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் செய்யலாம். உங்களுக்குத் தமிழ் தெரியும், மலாய் தெரியும், ஆங்கிலமும் படிக்கிறீர்கள். தாத்தாவுக்கு இலாகாவிலிருந்து மலாயில் ஒரு கடிதம் வந்தால் யார் படித்துச் சொல்வது? பக்கத்து வீட்டு அக்காவுக்கு விண்ணப்பத் தாள் யார் நிரப்பித் தருவது? நீங்கள்தான்! டால்ஸ்டாய் பண்ணையில் காந்திக்கு மொழிபெயர்த்த பிள்ளைகளுக்கும் உங்கள் வயதுதான்.

இன்று வாங்கிய பரிசுப் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். இந்த வாரமே வீட்டில் உள்ள ஒரு கடிதத்தை எடுத்து, அம்மாவுக்கோ பாட்டிக்கோ வரி வரியாகப் படித்து, தமிழில் அர்த்தம் சொல்லுங்கள். தெரியாத சொல் வந்தால் தெரியவில்லை என்று சொல்லி, மறுநாள் ஆசிரியரைக் கேளுங்கள். ஆறாம் ஆண்டு மாணவர்கள் சின்ன வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வாரத்தில் ஒரு மணி நேரம் வாசிக்கக் கற்றுக்கொடுங்கள். படிப்பு, கற்பித்தல், தொண்டு மூன்றும் அங்கேயே ஆரம்பமாகிவிடும்.

 

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி! ஓங்குக உழைப்பாளர் ஒற்றுமை!